இருட்டில் ஒன்பது குரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எசனில் மலர் அக்கா வீட்டில் இருந்தவர்கள்: மலர் அக்கா. அக்காவின் மகள் ஜெனிற்றா. ஜெனிற்றாவின் புருசன் மார்க்குஸ், ஜெர்மன்காரன். மேல்மாடியில் இருக்கும் குலம் அண்ணை. நான்.

வேறு ஒருவரும் இல்லை.

இருந்தவர்களை முதலில் எழுதிவிட வேண்டும். ஒரு புத்தகத்தில் இந்தக் கணக்குப் பிழையாகப் போனதால்தான் நான் பாரிசில் இருந்து ஜெர்மனிக்குப் போகவேண்டி வந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பாரிசில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறேன். ஜெனிற்றாதான் இதை எழுதச் சொன்னாள். "நீங்கள் கதைக்கிறமாதிரியே எழுதுங்கோ மாமா" என்றாள். நான் கனக்கக் கதைக்கிற ஆள் இல்லை.

புத்தகம் ஒரு நாவல். எழுதியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். முப்பது வருசத்துக்கு முன்னம் மொஸ்கோவில் இருந்து ஜெர்மனிக்குக் களவாகப் போன ஒன்பது பேரில் அவர் ஒராள். நான் ஒராள். மலர் அக்காவின் புருசன் பெனடிக்ற் அண்ணை ஒராள். போலந்துக்குள் எங்களை ஒரு லொறியில் ஏற்றினார்கள். ஜெர்மனியில் கதவு திறந்தபோது எட்டுப் பேர். பெனடிக்ற் அண்ணை இல்லை. அவர் எங்கே போனார் என்று மாஸ்டர் நாவலில் எழுதியிருக்கிறார். லொறி வழியில் ஒரு காட்டோரம் நிற்கிறது. அண்ணை ஒண்டுக்குப் போக இறங்குகிறார். லொறி போய்விடுகிறது. தூரத்தில் வெளிச்சம். ஒரு வீடு. ஒரு போலந்துப் பெண் கதவைத் திறக்கிறாள். கதை அதோடு முடிகிறது. மாஸ்டரும் போன மாரியில் கனடாவில் முடிந்துபோனார்.

ஜெனிற்றா ரெலிபோனில் சொன்னாள்: "அம்மா அந்தப் புத்தகத்தை ஏழு தரம் வாசிச்சிட்டா. நெஞ்சிலை வால்வு மாத்த ஆஸ்பத்திரி நாள் குறிச்சு ரெர்மின் தந்தது, வாற கிழமை. தள்ளிப் போடச் சொல்லுறா. முதல் போலந்துக்குப் போய் அந்த வீட்டைத் தேடப்போறாவாம். இந்தக் குளிருக்கை போனால் ஆள் திரும்பி வரமாட்டா எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் சொன்னால் கேக்கிறா இல்லை. அங்கை நிண்ட ஆள் சொன்னால்தான் கேப்பா. நீங்கள் மட்டும்தான் கையிலை கிடைச்சனீங்கள்."

"என்னத்தைச் சொல்ல?"

"நடந்ததை."

வாறன் என்றேன். முதலாளியிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். இரண்டு தந்தான். மூன்று எடுத்தேன்.

வெள்ளி காலை ரயில். பெல்ஜியம் கழிந்து ஜெர்மனி தொடங்குகிற இடத்தில் பொலிஸ் மூன்று பேர் ஏறினார்கள். பெட்டியில் நாற்பது பேர் இருக்கும். இரண்டு பேரிடம்தான் கேட்டார்கள். ஒன்று நான். மற்றது எனக்கு எதிரே இருந்த கறுப்பு மனிசர். என் வயசுதான். நகத்துக்குள் சீமெந்து காய்ந்திருந்தது.

அடையாள அட்டையைக் கொடுத்தேன்.

"பிரெஞ்சுக்காரரா?" என்று பொலிஸ்காரி கேட்டாள்.

"ஓம்."

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப அட்டையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆள்தான். தந்தாள்.

பக்கத்தில் ஒரு வயசான வெள்ளைக்காரி நாயோடு இருந்தாள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. தானாகவே பையைத் திறந்து ஒரு நீலப் புத்தகத்தை நீட்டினாள். "இது இவனுடையது" என்று நாயைக் காட்டினாள். ஐரோப்பியப் பாஸ்போட். ஊசி போட்ட விபரம் எல்லாம் இருந்தது. பொலிஸ்காரி சிரித்து, நாயின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

எதிரே இருந்த மனிசர் பிரெஞ்சில் சொன்னார்: "இன்றைக்கு உன்னை முதலில் கேட்டார்கள். நன்றி. வழக்கமாக நான்தான் முதல்."

"எந்த ஊர்?"

"நீ?"

"இலங்கை. ஆசியா."

"நான் ஆபிரிக்கா. அப்படியென்றால் இந்தப் பெட்டியில் ஐரோப்பா யார்?" கேட்டுவிட்டு நாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாய் கொட்டாவி விட்டது.

பிறகு நான் கேட்டேன், தோகோவில் கொஜோ என்று ஒருவரைத் தெரியுமா என்று.

"நான் பெனின். தோகோ பக்கத்து நாடு. ஐரோப்பாவுக்கு வந்த நாளில் இருந்து ஒவ்வொருத்தனும் ஆபிரிக்காவில் தனக்குத் தெரிந்த ஒருத்தனைப் பற்றி என்னிடம் கேட்கிறான். நான் உன்னிடம் சீனாவில் யாரையாவது கேட்டேனா?"

"இல்லை."

"கொஜோ என்றால் திங்கட்கிழமை பிறந்தவன். அங்கே கிழமைக்கு ஒரு திங்கள் வருகிறது."

நான் மேலே கேட்கவில்லை. கொஜோ எங்களில் ஒன்பதாம் ஆள். மற்ற எட்டும் நாங்கள். மாஸ்டரின் நாவலில் எட்டுப் பேருக்குப் பெயர் இருக்கிறது. அவருக்கு இல்லை. 'ஆபிரிக்கன்' என்றுதான் கடைசி வரைக்கும். தோகோவை ஒருகாலம் ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்தார்களாம். கொஜோ சொல்வார்: "அவங்கள் எங்கடை பாட்டன் வீட்டுக்கு விசா இல்லாமல் வந்தவங்கள். வந்த ஆக்களைத் திருப்பிப் போய்ப் பார்க்கிறதுதானே மரியாதை." அவர் பேசிய இங்கிலீசைப் பெனடிக்ற் அண்ணைதான் எங்களுக்குத் தமிழில் சொல்வார். இரண்டு பேரும் மெக்கானிக். கெதியாய் ஒட்டிக்கொண்டார்கள்.

எல்லைப் பட்டினம் ஆகன் தாண்டி ரயில் வெட்டவெளியில் நின்றது. ஒன்றரை மணித்தியாலம். சுற்றிவர பீற்றூட் தோட்டம், மழை. பாரிஸ் என்றால் அரை மணியில் சண்டை தொடங்கியிருக்கும். இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டுப் பாணை வெளியே எடுத்தார்கள். அறிவிப்புச் சொன்னார்கள். பெனின்காரர் மொழிபெயர்த்தார்: "தாமதத்துக்குக் காரணம், முன்னால் போகிற ரயிலின் தாமதம்." அந்த ரயிலுக்கு என்ன காரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாய்க்காரி எனக்குப் பாதிப் பாண் தந்தாள். கறுத்தப் பாண், பட்டர், ஊறுகாய் வெள்ளரி. பல்லுக்கு வேலை வைத்தது. பசிக்கு நல்லாக இருந்தது.

எசனில் குலம் அண்ணை காத்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு இருபது வருசத்து அயல். இரும்பு வேலையில் இருந்து பென்சன் எடுத்தவர்.

"ரெயின் பிந்திப்போச்சு அண்ணை."

"ஜெர்மன் ரெயின் நேரத்துக்கு வரும் எண்டது நாங்கள் வரமுந்தின கதை, தம்பி. இப்ப எங்களோடை பழகிக் கெட்டுப்போச்சுது."

வீட்டில் இடியப்பம், சொதி, மீன் குழம்பு. மார்க்குஸ் வயிறு நிரம்பி, தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு "காணும் மாமி, காணும்" என்றான். அவனுக்கு நல்லாக வரும் தமிழ் அதுதான் என்று ஜெனிற்றா சொன்னாள்.

அக்காவை நான் முதல்முறை பார்க்கிறேன். மெலிந்த ஆள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. உதடு கொஞ்சம் நீலம்.

"உம்மைப் பற்றிப் புத்தகத்திலை இருக்கு. ஏழாம் நம்பர். வாய் திறக்காத பெடியன் எண்டு."

"ஓம் அக்கா."

"இப்பவும் குணம் மாறேல்லை" என்றார் குலம் அண்ணை.

சாப்பிட்டதும் அக்கா மேசையைத் துடைத்தா. போலந்து நாட்டின் வரைபடத்தை விரித்தா. நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்தா. பென்சிலை என் கையில் தந்தா.

"அந்த வீடு எந்தப் பக்கம், தம்பி? ஒரு வட்டம் கீறிவிடும். காணும்."

நான் ஏன் வந்தேன் என்று ஜெனிற்றா அவவுக்குச் சொல்லவில்லை. ஜெனிற்றாவைப் பார்த்தேன். அவள் கோப்பை கழுவத் திரும்பிவிட்டாள்.

"எனக்கு வரைபடம் பாக்கத் தெரியாது அக்கா" என்றேன். அது உண்மை.

"பரவாயில்லை. களைச்சு வந்தனீர். ஆறுதலாப் பாப்பம்."

பென்சிலை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அந்த நாவலைப் பற்றி ஒரு கூட்டம். கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபம். முப்பது கதிரை, ரோல்ஸ், தேத்தண்ணி. எர்லாங்கனில் ஆராய்ச்சி செய்கிற ஒரு இந்தியத் தமிழர் பேச வந்திருந்தார். நல்ல மனிசர். தானே கதிரை தூக்கிப் போட்டார்.

"இந்த நாவல்ல லாரி ஒரு மெட்டஃபர்ங்க" என்றார். "எட்டுப் பேர் ஆசியா, ஒருத்தர் ஆப்பிரிக்கா, ஓட்டுறவன் ஐரோப்பா. உள்ள இருட்டு. யாருக்கும் முகம் கிடையாது, நம்பர்தான். ஐரோப்பாங்கிறது ஒரு இடமே இல்ல, ஒரு பாஸ்வேர்டுன்னு இந்த நாவல் சொல்லுது."

எனக்கு லொறி லொறிதான். வெங்காய மணம். ஆனால் நம்பர் என்று அவர் சொன்னபோது தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

பின்னால் இருந்த ஒருவர் எழும்பினார். "நாங்கள் இப்ப ஆசியாவோ ஐரோப்பாவோ எண்டு கேட்டால், எனக்குப் பல்லுக் கட்டினது இஞ்சை. முழங்கால் மாத்தினது இஞ்சை. உதிரிப்பாகம் எல்லாம் ஐரோப்பா. எஞ்சின் மட்டும் ஊர்."

"எஞ்சினும் புகைக்குது" என்றார் குலம் அண்ணை. சிரித்தார்கள்.

ஜெனிற்றா கேட்டாள்: "எட்டுப் பேருக்குப் பெயர் இருக்கு. ஆபிரிக்கருக்கு ஏன் இல்லை? எங்களை வெள்ளைக்காரர் பெயர் இல்லாமல் எழுதினால் எங்களுக்குக் கோவம் வரும்தானே?"

பேச வந்தவர் யோசித்தார். "கரெக்ட். நான் அதைக் கவனிக்கல" என்றார். ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

எனக்குப் பெயர் தெரியும். எழும்பிச் சொல்லவில்லை.

கடைசியாக மலர் அக்கா கையை உயர்த்தினா. "அந்த வீடு எங்கை இருக்கு எண்டு மாஸ்டர் எங்கையும் எழுதியிருக்கிறாரோ?"

"அம்மா, அது ஒரு குறியீடு. ஒரு நம்பிக்கை. நேரடியா வீடுன்னு எடுத்துக்கக் கூடாது."

"கதவு இருக்குதே தம்பி. அவள் திறக்கிறாளே."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனிசர் தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். "எனக்குத் தெரியலம்மா. மன்னிச்சுக்குங்க" என்றார்.

வெளியில் குலம் அண்ணை என்னைத் தனியே பிடித்தார். "உம்மை என்னத்துக்குக் கூப்பிட்டது எண்டு எனக்குத் தெரியும். மலர் செவ்வாய்க்கிழமைக்கு ரிக்கற் எடுத்திட்டுது. நீர் வாயை எப்ப திறக்கப்போறீர்? போலந்திலையோ?"

அக்கா வெளியே வந்தா. நான் அவவின் பையை வாங்கினேன்.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு ட்ராமில் போவோம் என்றா அக்கா. தரிப்பிடம் கூப்பிடு தூரம். அதற்குள் நாலு தரம் நின்று மூச்சு எடுத்தா. நாங்கள் கிட்டப் போக ட்ராம் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. ஓட்டுநர் எங்களைக் கண்டவன்தான். பாரிசில் கையை வைத்துக் கதவைப் பிடித்திருப்பேன். அக்காவை விட்டு ஓட ஏலாது. வாங்குப் பலகையில் இருந்தோம்.

"அவர் ஜெர்மனியிலை வேறை ஒருத்தியோடை இருக்கிறார் எண்டு ஊரிலை கதைச்சவை" என்றா அக்கா. "அதாலைதான் நான் பிள்ளையையும் கொண்டு இஞ்சை வந்தனான். மியூனிக் மட்டும் போய்த் தேடினனான். தமிழ்க் கடை கண்ட இடம் எல்லாம் படத்தைக் காட்டினனான். புத்தகம் வந்தாப்பிறகுதான் விளங்கினது. ஆள் ஜெர்மனிக்கே வரேல்லை. வழியிலை இறங்கிட்டார்."

"ஓ."

"லொறியிலை ஏறினவர், அது நிச்சயம். உங்களை அனுப்பின ஏஜென்சிக்காரன் எனக்கு அப்பவே சொன்னவன். 'அக்கா, ஒன்பது பேரும் நம்பர் சொல்லித்தான் கதவு பூட்டினது. ஆறு எண்டு உங்கடை மனுசன் சொன்னது ட்ரைவருக்குக் கேட்டது' எண்டு. அந்தச் சொல்லை வைச்சுக்கொண்டுதான் தம்பி நான் இவ்வளவு காலமும் இருந்தனான்."

அடுத்த ட்ராம் வந்தது. அக்காவின் கையைப் பிடித்து ஏற்றினேன்.

ஞாயிறு காலை பூசைக்குப் போனோம். அக்கா தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் மெழுகுதிரி கொளுத்தினா. இறந்தவர்களுக்கு ஒரு பக்கம். இருப்பவர்களுக்கு ஒரு பக்கம். பெனடிக்ற் அண்ணைக்கு இருப்பவர் பக்கம்.

மத்தியானம் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய். வரைபடம் மேசையின் மற்றக் கரையில் மடித்தபடி கிடந்தது. பென்சில் அதன் மேலே. மலர் அக்கா, ஜெனிற்றா, மார்க்குஸ், குலம் அண்ணை, நான். அக்கா அகப்பையோடு வந்தா. நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"அக்கா, அந்த வீடு இல்லை" என்றேன்.

ஜெனிற்றா மெல்லமாக மார்க்குஸுக்கு ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்.

போலந்துக்குள் போகிற எல்லையைக் காட்டு வழியாக நடந்து கடந்தோம். முழங்கால் மட்டும் பனி, சினோ. ஆறு மணித்தியாலம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அந்த வரிசைப்படி நடக்க வேண்டும். ஆறு பெனடிக்ற் அண்ணை. ஏழு நான். எட்டு ஒரு பெடியன், அவன் பயத்தில் முன்னுக்கு ஓடிவிட்டான். ஒன்பது கொஜோ. அண்ணைக்கு இரண்டு நாளாய்க் காய்ச்சல். நடக்க நடக்கப் பிந்தினார். நானும் கொஜோவும் அவரோடு பிந்தினோம். பிறகு அவர் ஒரு மரத்தடியில் இருந்தார். எழும்பவில்லை. கொஜோ தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கனதூரம். ஒரு இடத்தில் இறக்கி, நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"கேட்டதோ?" என்றா அக்கா.

"இல்லை அக்கா. நான் ரெண்டு தரம் வைச்சுப் பாத்தனான்."

கொஜோ அண்ணையின் கண்ணை மூடிவிட்டார். தன் சால்வையைக் கழற்றி அண்ணையின் முகத்தை மூடினார். அவர்கள் ஊர்ச் செபம் ஒன்று சொன்னார். நான் 'பரலோகத்தில் இருக்கிற' சொன்னேன். நான் சைவ சமயம். அண்ணை வழியில் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்டுப் பாடமாகியிருந்தது. அரைவாசிதான் வந்தது.

லொறி காட்டின் மற்றக் கரையில் நின்றது. எல்லை கிட்ட என்று வெளிச்சம் அடிக்க மாட்டார்கள். தலையைப் பார்த்து எண்ண ஏலாது. அதனால் எல்லாரும் ஏறி இருந்து, இருட்டுக்குள் வரிசையாக நம்பர் சொல்ல வேண்டும். எந்தப் பாசையில் சொன்னாலும் சரி. ஒன்பது குரல் வேணும். குறைந்தால் ட்ரைவர் லொறி எடுக்க மாட்டான். பிடிபட்டவன் காட்டிக்கொடுப்பான் என்று பயம். முந்தின கிழமை ஒரு குரல் குறைந்ததற்கு ஏழு பேரைச் சினோவுக்குள் இறக்கி விட்டுப் போனவன்.

ஒன்று சொன்னது. இரண்டு மாஸ்டர். மூன்று, நாலு, ஐந்து. பிறகு சத்தம் இல்லை. ட்ரைவர் கதவில் தட்டினான்.

"நான் சொன்னன் அக்கா. அடித்தொண்டையிலை, அண்ணை கதைக்கிறமாதிரி. பிறகு என்ரை குரலிலை ஏழு சொன்னன். எட்டு. ஒன்பதைக் கொஜோ தமிழிலை சொன்னார். அண்ணை பழக்கினது."

ஜெனிற்றா மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தாள். மார்க்குஸ் அவளைக் கேட்கவில்லை. விளங்கியிருக்க வேண்டும்.

"மாஸ்டருக்கும் தெரியாது. மற்ற ஆக்களுக்கும் தெரியாது. அண்ணை ஏறினது எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. ஜெர்மனியிலை கதவு திறக்க ஆள் இல்லை. எங்கையோ இறங்கிட்டார் எண்டினம். நான் பேசாமல் இருந்தன். அண்டைக்கே பொலிஸ் துரத்தினது. கொஜோவைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அதுக்குப் பிறகு அவரைக் காணேல்லை. அவருக்குப் பெயர் இருக்கு. கொஜோ."

அக்கா கதிரையில் இருந்தா. அகப்பை இன்னும் கையில்.

"அந்த ஆறு நீரோ?"

"ஓம் அக்கா."

குலம் அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஆரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"அது எந்த நாள்?"

"நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, ரெண்டு நாள் கிடந்தது. விடியமுன்னம்."

அக்கா வரைபடத்தை இழுத்தா. விரிக்கவில்லை. மேலே இருந்த பென்சிலால் அதன் முதுகில் நாளை எழுதினா. மாதம், வருசம் எல்லாம் எழுதினா.

"ஒரு பூசை குடுக்கேல்லை" என்றா. "உயிரோடை இருக்கிற ஆளுக்கு இறந்த ஆக்களின்ரை பூசை குடுக்கக்கூடாது எண்டு, இவ்வளவு வருசமும் ஒரு பூசை குடுக்கேல்லை."

"அம்மா" என்றாள் ஜெனிற்றா.

"நீ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேள், அந்த ரெர்மின் இன்னும் கிடக்கோ எண்டு. நத்தாருக்கு முதல் நான் எழும்பி நடக்கவேணும். பூசைக்கு." பிறகு என்னைப் பார்த்தா. "உம்மை என்ன செய்யிறது எண்டு எனக்கு இப்ப தெரியேல்லை. சாப்பிடும். சோறு ஆறுது."

சாப்பிட்டேன். எல்லாரும் சாப்பிட்டோம். அக்கா திரும்பக் கறி போடும்போது மார்க்குஸ் காணும் என்று சொல்லவில்லை.

பின்னேரம் ரயில். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்க அக்கா வாசலுக்கு வந்தா. மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"தம்பி, அண்டைக்கு லொறியிலை எண்ணினமாதிரி ஒருக்கா எண்ணும்."

"ஏன் அக்கா?"

"எண்ணும்."

நான் பையைக் கீழே வைத்தேன். ஒன்று என்றேன். இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

நிறுத்தினேன். அக்கா மூச்சை எடுத்தா. பிறகு அவதான் சொன்னா.

ஆறு.